தவக்காலத்துக்கு ஓர் ஆள்

"மதர், என்னால இனி முடியாது."

சகோதரி அமலோற்பவம் இதைச் சொன்னபோது மதர் ரோஸ்லின் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். யாரோ நேர்ந்துகொண்டு கொடுத்த அரிசி. கல் நிறைய இருந்தது.

மதர் நிமிரவில்லை. எதிரே கிடந்த முக்காலியைக் காலால் சற்று நகர்த்தினார்.

அமலோற்பவம் உட்கார்ந்தார்.

கேட்க வந்தவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பதில் சொல்ல வேண்டியவருக்கு நாற்பத்தொன்று. கன்னியர் மடத்தில் அந்த வித்தியாசம் செல்லாது. தலைமை யாரிடம் தரப்பட்டிருக்கிறதோ அவர் தாய், மற்றவர்கள் மகள்கள்.

அமலோற்பவம் பல ஆண்டுகள் சபையின் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு, இருப்பதிலேயே தாழ்வான வேலையைத் தாருங்கள் என்று கேட்டு, செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்திலிருக்கும் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்திருந்தார்.

கேட்டது கிடைத்தது. அதன் பெயர் எஸ்தாக்கியம்மாள்.

எஸ்தாக்கியம்மாள் லாரி முதலாளி ஒருவரின் விதவை. கணவர் போன பிறகு தொழிலைத் தாமே நடத்தியவர். டிரைவர்களையும் கிளீனர்களையும் வாயாலேயே அடக்கி வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. வாய் விழவில்லை. தங்கை மகன் ஒருநாள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

அவருக்குப் பணிவிடை செய்ய வந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். ஒருத்தி சொல்லிக்கொண்டு போனாள். மற்றவர்கள் சொல்லாமலே போனார்கள்.

இப்போது அமலோற்பவம்.

அன்று காலை நடந்தவற்றை அவர் வரிசையாகச் சொன்னார். ஆய்வகத்தில் பழகிய நாக்கு. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கஞ்சி சுடுகிறது என்று சொல்லப்பட்டது. ஆற்றிக் கொடுத்தால், செத்தவன் வீட்டுக் கஞ்சி மாதிரி இருக்கிறது என்று சொல்லப்பட்டது. போர்வை மடித்தது கோணல். பிறகு, தலையணைக்கு அடியில் வைத்த ஜெபமாலையைக் காணோம், சிஸ்டர்தான் எடுத்திருப்பாள் என்று கூடம் முழுவதும் கேட்கும்படி ஒரு கூச்சல். ஜெபமாலை அவர் கழுத்திலேயே கிடந்தது. சுட்டிக்காட்டியபோது, எடுத்தவளே பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து போட்டிருப்பாள் என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" மதர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சேன்."

"முகம் சுளிக்கல?"

"ஒரு தடவைகூட இல்ல, மதர். அதை மட்டும் நான் ஆண்டவர் முன்னால சொல்ல முடியும்."

மதர் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது அரிசிதான். திரும்பப் போட்டார்.

பிறகு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஈஸ்டர் முடிந்ததும் சபையின் மாநிலத் தலைவி வருகிறார். எஸ்தாக்கியம்மாளை வடக்கே, சபையின் வேறோர் இல்லத்துக்கு மாற்றிவிடலாமா என்ற பேச்சு இருக்கிறது. அங்கே ஆட்கள் அதிகம். மாநிலத் தலைவி வந்ததும், பணிவிடை செய்கிறவரைத்தான் கேட்பார். அமலோற்பவம் முடியாது என்றால் மாற்றம். முடியும் என்றால் இங்கேயே.

அதன் பொருள் இருவருக்கும் தெரியும். இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எஸ்தாக்கியம்மாளின் கணவர் கிடக்கிறார். பக்கத்தில் ஓரிடம் அவருக்காக விடப்பட்டிருக்கிறது. வடக்கே போனவர்களை யாரும் திரும்பக் கொண்டுவருவதில்லை. அங்கேயே புதைத்துவிடுகிறார்கள்.

"இன்னிக்கே சொல்லணுமா, மதர்?"

"வேண்டாம். நாளைக்கு நீங்க போகாதீங்க. நான் போறேன்."

"நான் என்ன செய்யட்டும்?"

"வாசல்ல நில்லுங்க."

*

மறுநாள் காலை மதர் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனார். அமலோற்பவம் கதவோரம் நின்றார்.

எஸ்தாக்கியம்மாள் ஒரு வாய் உண்டார். கரண்டியை வைத்தார்.

"இதுல உப்பு எங்க?"

"டாக்டர் ஆகாதுன்னுட்டார்."

"அப்ப அவன் வந்து குடிக்கட்டும்."

"அவருக்கு அவர் வீட்டுல கஞ்சி இருக்கும்."

"உப்புப் போட்டா, போடாமலா?"

"அதை நான் எங்க கண்டேன்?"

எஸ்தாக்கியம்மாள் உற்றுப் பார்த்தார். கன்னியரை 'ஏட்டி' என்று கூப்பிட அந்த ஊரில் வேறு யாருக்கும் துணிவு வந்ததில்லை.

"ஏட்டி, ஒரு கஞ்சி காய்ச்ச ஒங்க ஆத்தா ஒனக்குக் கத்துக்குடுக்கலையா?"

மதரின் தாய் இறந்து இன்னும் ஆண்டு நிறையவில்லை.

"எங்க அம்மாவை இழுக்காதீங்க," என்றார் மதர்.

குரல் உயர்ந்திருந்தது. காதோரம் சிவந்திருந்தது. நடிக்கிறவருக்குக் காது சிவக்காது.

பிறகு அங்கே ஒரு சண்டை நடந்தது. உப்பில் தொடங்கிக் கஞ்சியின் பதத்துக்குப் போயிற்று. அங்கிருந்து சமையல்காரியின் சோம்பலுக்கு. அங்கிருந்து நேர்ச்சை அரிசிக்கு. புண்ணியத்துக்குக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் கல்லைத்தான் கொடுக்கிறார்கள் என்றார் எஸ்தாக்கியம்மாள். பொறுக்குகிறவளுக்கு அல்லவா அது தெரியும் என்று மதர் கத்தினார். அந்த ஓர் இடத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

மதர் கரண்டியைப் பிடுங்கித் தாமே ஒரு வாய் உண்டு பார்த்தார்.

முகம் கோணிற்று.

"சொல்லு," என்றார் எஸ்தாக்கியம்மாள்.

"நல்லா இல்லதான்."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

கிண்ணத்தை நல்ல கையால் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, மீதி முழுவதையும் குடித்து முடித்தார்.

மதர் வெளியே வந்தார். சுவரில் கை ஊன்றி நின்றார். களைத்திருந்தார்.

"அவங்களோட சண்டை போட்டீங்க, மதர்," என்றார் அமலோற்பவம்.

"ஆமா. தோத்துட்டேன்."

"கூடத்துல எல்லாரும் கேட்டாங்க."

"கேட்டிருக்கும்."

"இதுவா தாழ்மை?"

மதர் காலிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார்.

"தெரியல. கழுவி வைங்க."

*

அமலோற்பவம் அதைச் சில நாள்கள் யோசித்தார். தமக்குப் பழக்கமான வழியிலேயே யோசித்தார். பொறுமை ஒரு மருந்து. அது வேலை செய்யாதபோது மருந்தை மாற்ற வேண்டும்.

மறுவாரம் ஒரு காலை, வழக்கம்போல அறைவாசலில் ஒரு கணம் நின்றார். ஒவ்வொரு முறையும் நிற்பார். சிலுவை வரைந்துகொண்டு, "ஆண்டவரே, நான் இங்கே படப்போகும் துன்பத்தை உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக ஒப்புக்கொடுக்கிறேன்" என்று மெல்லிய குரலில் சொல்வார். சொன்ன பிறகுதான் கால் உள்ளே போகும். மோட்சத்துக்கு முன் தண்டனையில் கிடக்கும் அந்த ஆன்மாக்களுக்கு உதவாமல், படுகிற பாடு எதுவும் வீணாகக் கூடாது என்பது ஞான உபதேச வகுப்பில் சிறு வயதில் கற்றது.

அன்று துவையல் காரம் என்று சொல்லப்பட்டது.

அமலோற்பவம் குரலை உயர்த்தினார். "காரமா இருந்தா வைச்சிடுங்க. நேத்துக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது யாராம்?"

முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்த வாக்கியம். ஏற்ற இறக்கமெல்லாம் சரியாக இருந்தது.

எஸ்தாக்கியம்மாள் அவரை நெடுநேரம் பார்த்தார்.

"மதர் சொல்லிக்குடுத்தாளா?"

"இல்ல."

"ஒனக்கு ஒரு சண்டைகூட ஒழுங்கா வரமாட்டேங்கு."

பிறகு சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து அமலோற்பவம் கேட்டதில்லை. முன்பே கேட்டிருக்கலாமே என்று ஏங்கவைக்கும் சிரிப்பும் அல்ல அது.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். இதுவரைக்கும் எத்தனை லோடு போயிருக்கும்?"

"என்ன லோடு?"

"ஆன்மா லோடு. தெனம் வாசல்ல நின்னு ஏத்தி அனுப்புதியே. எனக்குக் கையும் காலும்தான் செத்துப்போச்சு. காது நல்லாத்தான் கேக்கு. நான் ஏசுதேன், நீ படுத. அங்க ஒருத்தன் உத்தரிக்கிற தலத்துலேர்ந்து எந்திரிச்சு மோட்சத்துக்குப் போறான். வண்டி என்னுது. எனக்கு வாடகை உண்டா?"

அமலோற்பவம் துவையல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"தவசுகாலத்துக்கு மத்த சிஸ்டருமாரு காப்பிய விட்டிருக்காவ, மீன விட்டிருக்காவ. நீ என்னைய எடுத்திருக்க. சமையக்காரி சொன்னா."

கோபமில்லாமல், சரக்கு விலை விசாரிக்கிற குரலில் சொன்னார்.

"கோயில்ல அல்லேலூயா பாடுனதும் தவசு முடிஞ்சிரும். பெறகு என்னைய எங்க எறக்குவ? வடக்கயா?"

*

மதர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்குத் தெரியும், மதர்."

"என்ன தெரியும்?"

"எல்லாமே."

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று ஒவ்வொரு சகோதரியும், ஈஸ்டர் வரை தான் ஏற்கும் ஒறுத்தல் எது என்று தலைவியிடம் சொல்வது அந்த மடத்து வழக்கம். அன்று ஒருவர் காப்பி என்றார். ஒருவர் மீன் என்றார். ஒருவர் மதியத் தூக்கம் என்றார். அமலோற்பவம், "எஸ்தாக்கியம்மாள்" என்றார். மதர், "சரி" என்றார்.

"நீங்க அன்னிக்கே தடுத்திருக்கலாம்."

"தடுத்திருக்கலாம்."

"ஏன் தடுக்கல?"

மதர் தைலக் குப்பியை மூடினார்.

"எனக்கு வேற ஆள் இல்ல, சிஸ்டர்."

வெளியே காற்று செம்மண்ணை வாரிச் சன்னல் கம்பிகளில் இறைத்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்? முழங்கால்ல நின்னு மன்னிப்புக் கேக்கட்டுமா? ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்கட்டுமா?"

"காப்பியை விட்டுடுங்க."

"காப்பியையா?"

"தவக்காலத்துக்கு நீங்க இன்னும் ஒண்ணுமே விடலையே."

"அப்ப எஸ்தாக்கியம்மாள்?"

"அவங்களைக் காலையில குளிப்பாட்டணும்."

"அதை எதுக்காக ஒப்புக்கொடுக்கிறது, மதர்?"

மதர் எழ முயன்றார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கையை நீட்டினார். அமலோற்பவம் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"இப்ப என்னைத் தூக்கினீங்களே," என்றார் மதர். "இதை எதுக்காக ஒப்புக்கொடுத்தீங்க?"

பதிலுக்கு நிற்காமல், சாப்பாட்டு மணியடிக்க நொண்டிக்கொண்டே போனார்.

*

மதர் சொல்லாத ஒன்றையும் அமலோற்பவம் செய்தார். எஸ்தாக்கியம்மாளின் கட்டிலருகே முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார்.

"எந்திரி," என்றார் எஸ்தாக்கியம்மாள். "நான் மன்னிச்சேன்னு சொன்னா அதுவும் ஒன் லோடுலதான் ஏறும். எனக்குத் தொடை அரிக்கு. புரட்டிப் போடு."

அவர் எழுந்து புரட்டிப் போட்டார்.

மறுநாள் காப்பி இல்லை. மதியத்துக்குள் தலை பிளந்தது.

அறைவாசலில் கால் பழக்கத்தால் நின்றது. கை நெற்றிக்குப் போயிற்று. வாய் திறந்தது. சொல்ல ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு உள்ளே போனார்.

அந்த நாள்கள் கடினமாக இருந்தன.

முன்பெல்லாம் ஒவ்வொரு வசவுக்கும் ஒரு பயன் இருந்தது. ஏதோ ஓர் இருட்டில் ஏதோ ஓர் ஆன்மாவுக்கு அது விளக்காகும் என்று நம்பலாம். இப்போது வசவு வெறும் வசவாக வந்து விழுந்தது. மூத்திரத் துணி வெறும் மூத்திரத் துணியாக நாறியது. கைகள் வலித்தன, அந்த வலியால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

அவர் சிரிப்பதை நிறுத்தினார். முகம் சுளித்தார். ஒருநாள் கதவை ஓங்கிச் சாத்தினார். அன்று மாலையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சுவாமியார் பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். இன்னும் பெரிதாக ஏதாவது கொடுத்திருக்கலாம் என்று அமலோற்பவத்துக்குத் தோன்றியது.

மதரிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வது? முன்பு நல்லவளாக இருந்தேன், நீங்கள் சொன்னதைக் கேட்டுக் கெட்டுப்போனேன் என்றா?

மாநிலத் தலைவியிடம் சொல்ல வேண்டிய பதிலை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொண்டார். முடியாது. ஒரு சொல். சொல்லிவிட்டால் தூங்கலாம்.

*

ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தின் தொடக்கத்தில் ஒரு காலை. குளியலறை நாற்காலியில் எஸ்தாக்கியம்மாள் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் குளிருகிறது என்றார். வெந்நீர் கலந்தபோது, சுடச்சுட ஊற்றிப் பன்றிக்கா மயிர் வழிக்கப் போகிறாய் என்று கேட்டார். பச்சைத் தண்ணீர் சேர்த்தபோது மறுபடியும் குளிர்ந்தது. மூன்றாவது முறை செம்பு அருகே வந்ததும் நல்ல கையால் ஓங்கித் தட்டிவிட்டார்.

சோப்புத் தண்ணீர் அமலோற்பவத்தின் அங்கியெல்லாம் நனைத்தது. கண்ணிலும் போயிற்று.

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு உங்களைப் பிடிக்கல," என்றார்.

குரல் உயரவில்லை. இதை அவர் ஆயத்தம் செய்து வைத்திருக்கவும் இல்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒன்னையப் பிடிக்கல," என்றார் எஸ்தாக்கியம்மாள்.

"தெரியும்."

"வந்த அன்னிக்கே பிடிக்கல. கோயில் சுரூபம் மாதிரி சிரிச்சிக்கிட்டு வந்து நின்ன. ஒரு மனுசிய ஏசுனா, மனுசிக்கு உறைக்கணும். சுவர ஏசுன மாதிரி இருந்துது."

அமலோற்பவம் கண்ணைத் துடைத்தார். எரிந்தது.

"மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு? காய்ச்சலா?"

"தலைவலி. காப்பி குடிக்கிறதில்ல."

"ஏன்?"

"தவக்காலத்துக்கு விட்டிருக்கேன்."

எஸ்தாக்கியம்மாள் அதைச் சற்று நேரம் வாய்க்குள் வைத்துப் பார்த்தார்.

"அப்ப என்னைய எறக்கிட்டியா?"

"இறக்கிட்டேன்."

"அதான் வாசல்ல சத்தத்தக் காணோம்."

தண்ணீர் தரையில் ஓடி மறைந்தது.

"முதுகு காயுது," என்றார் எஸ்தாக்கியம்மாள். "உக்காந்தது போதும். தேச்சு முடி."

அமலோற்பவம் எழுந்து தேய்த்தார். அழுத்தித் தேய்க்கிறாய் என்று ஏச்சு வாங்கினார். எலும்புதான் இருக்கிறது, எதை அழுத்துவது என்று திருப்பிச் சொன்னார். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது காதில் விழுந்தது.

எஸ்தாக்கியம்மாளின் முதுகு சற்றே தளர்ந்தது.

குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தியபோது காப்பி வந்தது. எஸ்தாக்கியம்மாள் பாதி குடித்தார். டம்ளரை அமலோற்பவத்தின் பக்கம் தள்ளினார்.

"குடி."

"தவக்காலம்மா."

"தலவலியோட என்னையத் தூக்குனா நான்தான் கீழ விழுவேன். குடி."

அமலோற்பவம் டம்ளரைப் பார்த்தார். மேலே ஆடை படிந்திருந்தது. விளிம்பில் வாய் வைத்த இடம் ஈரமாகத் தெரிந்தது.

இந்த உடம்பின் மலத்தையும் மூத்திரத்தையும் அவர் கையுறை இல்லாமல் அள்ளியவர். ஒருமுறைகூட முகத்தைத் திருப்பியதில்லை. அந்த டம்ளருக்கு முன் கை நின்றது.

எஸ்தாக்கியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். வற்புறுத்தவில்லை.

அமலோற்பவம் எடுத்துக் குடித்தார்.

"சர்க்கரை காணாதோ?"

"ரொம்ப அதிகம்."

"ஓசிக் காப்பிக்கு வாயப் பாரு," என்றார் எஸ்தாக்கியம்மாள்.

*

"காப்பி குடிச்சிட்டேன், மதர்."

மதர் மறுபடியும் அரிசியோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த மூட்டை.

"எப்ப?"

"காலையில. அவங்க குடிச்ச மிச்சம்."

மதரின் விரல்கள் அரிசிக்குள் நின்றன.

"எச்சிலையா?"

"ஆமா."

மதர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப வேற எதையாவது விடணுமா?" அமலோற்பவம் கேட்டார்.

"வேண்டாம். விட்டது போதும்."

முறத்தின் மறுபாதியை அவர் பக்கம் திருப்பினார். இருவரும் கல் பொறுக்கினார்கள்.

*

ஈஸ்டர் இரவுத் திருவிழிப்புப் பூசையில் அல்லேலூயா பாடினார்கள்.

காலையில் அமலோற்பவம் அறைக்குள் போனபோது எஸ்தாக்கியம்மாள் விழித்துக் கிடந்தார்.

"தவசு முடிஞ்சிருச்சே. எதுக்கு வந்த?"

"குளிப்பாட்ட."

"இன்னிக்குப் பெரிய திருநாளு. வேற சோலி இல்லையா?"

"இருக்கு. கையைத் தூக்குங்க."

அவர் கையைத் தூக்கினார். அன்று மதியம் ஈஸ்டர் பிரியாணியில் கறி வேகவில்லை என்று கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னார். உண்மையில் அது வெந்திருக்கவில்லை.

மறு வியாழக்கிழமை மாநிலத் தலைவி மதர் வின்சென்சியா வந்தார். நல்லவர், அவசரத்தில் இருந்தார். சமையலறையைப் பார்த்தார். கழிப்பறைகளைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். கடைசியாக இந்த அறைக்கு வந்தார். பின்னால் மதர் ரோஸ்லின் நொண்டியபடி வந்தார்.

அன்று காலையிலிருந்து எஸ்தாக்கியம்மாள் எதையும் குறை சொல்லியிருக்கவில்லை. கஞ்சியைக்கூட. வெள்ளைச் சேலை கேட்டு உடுத்திக்கொண்டார். தலையைச் சீவச் சொன்னார்; சீவி முடித்ததும் இன்னொரு முறை சீவச் சொன்னார். இப்போது நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்தபடி படுத்திருந்தார். கணுக்கள் வெளுத்திருந்தன.

மாநிலத் தலைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். படுத்திருப்பவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு, அவருக்கு மேலாக, அமலோற்பவத்திடம் பேசினார்.

"சிஸ்டர், உங்களைத்தான் கேக்கணும்னு மதர் சொன்னாங்க. ஒளிக்காமச் சொல்லுங்க. இவங்களை உங்களால பாத்துக்க முடியுமா? முடியலன்னா தப்பே இல்ல. வடக்க எடம் இருக்கு."

மதர் ரோஸ்லின் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடியாது என்றால் நாளை முதல் ஓய்வு. அமலோற்பவத்தின் தோளும் இடுப்பும் அதைத்தான் கேட்டன.

முடியும் என்ற சொல்லும் நாக்கில் இருந்தது. பிறருக்காகப் பாடுபடுகிறேன் என்ற அதன் இனிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் மாநிலத் தலைவியைப் பார்க்கவில்லை. கட்டிலருகே போனார். எஸ்தாக்கியம்மாளின் கண்கள் தம் கண்களுக்கு நேராக வரும்வரை குனிந்தார்.

"அம்மா, நான் உங்ககிட்ட இருக்கலாமா?"

தாம் கேட்டது அது அல்ல என்று சொல்ல மாநிலத் தலைவி வாய் திறந்தார். மதர் ரோஸ்லின் திரும்பாமலே கையைச் சற்று உயர்த்தினார். வாய் மூடிக்கொண்டது.

எஸ்தாக்கியம்மாள், வேலை கேட்டு வந்து நிற்கும் ஒருத்தியைப் பார்ப்பதுபோல அமலோற்பவத்தை மேலும் கீழும் பார்த்தார். கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

பிறகு மாநிலத் தலைவியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இருந்துட்டுப் போட்டும், மதரு."